எண்ணெய் தேய்த்துக் குளித்த மறுநாள்

எனக்கு வாய்த்தது மெல்லிய முடி. நான் அதைப் பட்டு என்பேன். எங்கள் தெருவில் கோழிக்குஞ்சு மயிர் என்பார்கள். அடர்த்தியில் குறைவில்லை. ஆனால் ஒரு முடியைத் தனியாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், கையில் ஏதாவது இருக்கிறதா என்று நமக்கே சந்தேகம் வரும். ஊர் நாவிதர் ஒருமுறை கத்தரியைப் பாதியில் நிறுத்திவிட்டு, "தம்பி, முடிய வெட்டுறேனா காத்த வெட்டுறேனான்னு தெரியலையே" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக இரண்டு மாதம் அவரிடம் போகாமல் ஒரத்தநாட்டுக்கு பஸ் ஏறிப்போய் வெட்டிக்கொண்டு வந்தேன். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. தலைக்கு உள்ளே இருப்பதைவிட மேலே இருப்பதைப் பற்றித்தான் அக்கறை.

தடித்த முடிக்காரர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியாது. அவர்கள் எண்ணெய் வைத்தாலும் வைக்காவிட்டாலும் முடி முடியாகவே இருக்கும். எனக்கு அப்படியில்லை. உள்ளங்கையில் நாலு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டுத் தடவினால் போதும். அத்தனையும் மண்டையோடு ஒட்டிக்கொண்டு, தோல் தெரிந்து, காதுகள் இரண்டும் திடீரென்று பெரிதாகிவிடும். குளத்தில் விழுந்து ஏறிய பூனை மாதிரி இருப்பேன். விரலால் தொட்டால் முடி பிரியாது, ஈரக் கயிறாகச் சேர்ந்தே வரும். சரி என்று சீயக்காய் போட்டு அலசினால் அதற்கு நேர் எதிர். எண்ணெய்ப் பசை முழுக்கக் கழன்று, காய்ந்ததும் ஒன்றோடொன்று உறவே இல்லாததுபோல நாலு திசைக்கும் கிளம்பிவிடும். பிளாஸ்டிக் சீப்பைக் கிட்டே கொண்டுபோனால் எழுந்து நின்று வரவேற்கும். தொட்டால் என்னவோ மிருதுதான். ஆனால் அந்தத் தலையோடு வாசலைத் தாண்ட முடியாது.

மறுநாள்தான் நல்ல நாள். ராத்திரி தூங்கி எழுந்தால், மண்டையில் தானாக ஊறும் எண்ணெய் ஒவ்வொரு முடியின் அடியிலும் கொஞ்சமாக ஏறியிருக்கும். அன்றைக்கு முடி சொன்னபடி கேட்கும். வாரினால் நிற்கும், நடந்தால் அசையும், விரலை உள்ளே விட்டால் தடங்கல் இல்லாமல் போய்வரும். மூன்றாம் நாள் நெற்றியோரம் பிசுக்குத் தட்டும். நாலாம் நாள் பழையபடி பூனை. எங்கள் பக்கம் ஆண்களுக்கு எண்ணெய்க் குளியல் புதனும் சனியும், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும். ஆகவே நான் அழகனாக இருந்தது வியாழனும் ஞாயிறும். ஞாயிற்றுக்கிழமை கல்லூரி கிடையாது. கல்லூரிக் காலத்தில் எனக்கு ஏதாவது நல்லது நடந்திருந்தால் அது வியாழக்கிழமையாகத்தான் இருந்திருக்க வேண்டும். யோசித்துப் பார்த்தால் ஒன்றும் நடக்கவில்லை.

அறுபத்தேழில் ஆட்சி மாறிய புதிது. தஞ்சாவூரில் நான் படித்த கல்லூரியில் அப்போது யாரும் பேசவில்லை, எல்லாரும் முழங்கினார்கள். டீயைக்கூட எதுகை மோனையோடு கேட்கிறவன் இருந்தான். மேடையில் பேசுகிறவனுக்கு முடி மேலே தூக்கி வாரியிருக்க வேண்டும். முன்னால் ஒரு சுருள் தனியாக நிற்க வேண்டும். பேச்சின் உச்சத்தில் தலையைச் சிலுப்பினால் சுருள் நெற்றியில் விழ வேண்டும், அடுத்த சிலுப்பில் மேலே போய்விட வேண்டும். என் முடி முதல் சிலுப்பிலேயே கண்ணை மூடிவிடும். அடுத்த சிலுப்புக்கு மசியாது. நான் கையால் ஒதுக்கிக்கொண்டே பேசுவேன். "ஈ ஓட்டுறான்டா" என்று பின்வரிசையில் சிரிப்பார்கள். ஆனாலும் நான் விடவில்லை. என் பேச்சில் குறை இல்லை, முடியில்தான் என்று உறுதியாக நம்பினேன்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர்: அப்பா, அக்கா, நான். அம்மா என் சின்ன வயதிலேயே போய்விட்டாள். அக்கா என்னைவிட நாலு வயது பெரியவள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டாள். நிறுத்தினோம் என்று எழுதுவதுதான் சரி. அப்பா ஆறு மா நிலத்தை, அதாவது இரண்டு ஏக்கரை, குத்தகைக்குச் செய்துகொண்டிருந்தார். நிலத்துக்குச் சொந்தக்காரரான மிராசுதார் கும்பகோணத்தில் இருந்தார். அவரை நான் பார்த்ததே இல்லை. அவருக்காக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது அவருடைய காரியஸ்தர்.

அப்பாவுக்கு இரண்டு வருஷமாக இழுப்பு. ஈரத்தில் கால் வைத்தால் மூச்சு வாங்கும். ஆனாலும் நிலத்தில் நடவும் அறுப்பும் எப்படியோ நடந்துகொண்டுதான் இருந்தன. எப்படி என்று நான் விசாரித்ததில்லை. காலையில் ஏழரை மணி பஸ்ஸுக்குப் போனால் பொழுது சாயத்தான் வருவேன்.

பட்டுக்கோட்டைப் பக்கத்துச் செக்கில் ஆட்டிய தேங்காயெண்ணெய் மாதம் ஒரு பாட்டில் வரும். குளியலுக்கு நல்லெண்ணெய் தனி. வீட்டுக்கு என்று சொல்லித்தான் அப்பா வாங்குவார். வீடு என்றால் நான். சீயக்காயை அக்கா எனக்கென்று தனியாக இடிப்பாள். வெறும் சீயக்காய் என் முடியை வறட்டிவிடுகிறது என்று நான் ஆராய்ந்து கண்டுபிடித்திருந்ததால், அதில் வெந்தயமும் பச்சைப்பயறும் காய்ந்த எலுமிச்சைத் தோலும் சேர வேண்டும். இடித்ததைத் துணியில் சலிக்க வேண்டும். ஒருநாள் திப்பி இருக்கிறது என்று கோபித்துக்கொண்டேன்.

"ஏண்டா, தலைக்குத்தானே தேய்க்கப்போற? பச்சப்புள்ளைக்குச் சங்குல ஊத்தப்போறியா?" என்றாள் அக்கா. ஆனால் மறுபடியும் சலித்துக் கொடுத்தாள்.

அந்த வருஷங்களில் எங்கள் பக்கம் வரப்புக்கு வரப்பு கொடி. கூலியை உயர்த்து என்று ஒரு பக்கம் ஊர்வலம், வெளியூர் ஆட்களை இறக்குவோம் என்று இன்னொரு பக்கம் மிரட்டல். இதற்கு நடுவில் குத்தகைக்காரர்களின் பெயரைச் சர்க்கார் பதிவேட்டில் ஏற்றச் சட்டம் வந்தது. பெயர் ஏறிவிட்டால் நினைத்தபடி வெளியேற்ற முடியாது. அதனால் பெயர் ஏறுவதற்குள் நிலத்தைப் பிடுங்கிச் சொந்தப் பண்ணையில் சேர்த்துவிட வேண்டும் என்று மிராசுதார்கள் முந்திக்கொண்டார்கள்.

அப்பா தன் பெயரைப் பதியச் சொல்லி மனுப் போட்டதும், எங்கள் காரியஸ்தரும் ஆட்சேபணை மனு கொடுத்தார். இந்த ஆள் நோயாளி. மகன் தஞ்சாவூரில் படிக்கிறான். குடும்பத்தில் யாரும் வயலில் இறங்கிப் பாடுபடுவதில்லை. ஆகவே இவரைச் சாகுபடி செய்யும் குத்தகைக்காரராகப் பதியக்கூடாது என்று எழுதியிருந்தார். சட்டமும் அப்படித்தான் இருந்தது. குத்தகைக்காரரோ அவர் குடும்பத்தில் ஒருவரோ உடலால் உழைக்க வேண்டும். ஆடி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை தாசில்தார் ஊருக்கே வந்து விசாரிப்பார் என்று நோட்டீஸ் வந்தது. அதில் தோற்றால் குறுவை அறுப்போடு ஆறு மாவும் போய்விடும். எங்களுக்கு வேறு நிலம் கிடையாது.

நோட்டீஸை வீட்டில் உரக்கப் படித்தவன் நான்தான். வியாழக்கிழமை என்ற இடம் வந்ததும் எனக்கு முதலில் தோன்றியதை இன்று எழுதவும் வெட்கமாக இருக்கிறது. நல்ல வேளை, வியாழனாகப் போயிற்று என்று தோன்றியது.

"நீதான் எல்லா வேலையும் பாக்குறேன்னு சொல்லணும்" என்றார் அப்பா.

"அக்காதானேப்பா பாக்குது?"

"கல்யாணத்துக்கு நிக்கிற புள்ளைய ஆபீசர் முன்னாடி கொண்டுபோய் நிறுத்துறதா? நாளைக்கு எவன் வந்து பொண்ணு கேப்பான்? அதுவும் இல்லாம, பொம்பள பாக்குற வேலைய எவன்டா சாகுபடின்னு எடுத்துக்குவான்?"

அக்கா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்து, "சரிடா, பேசுறத நல்லாப் பேசிடுவ. ஆனா நாலு நாளாவது வந்து வயல்ல நில்லு. கையும் காலும் கொஞ்சம் கறுக்கட்டும்" என்றாள்.

கல்லூரிக்கு லீவு போட்டேன். ஞாயிறு முதல் வயலுக்குப் போனேன். போனேன் என்றால், வரப்பில் உட்கார்ந்து இரண்டு காலையும் சேற்றில் ஊற வைத்துக்கொண்டு தாசில்தார் முன்னால் பேசப்போகும் பேச்சை மனப்பாடம் செய்தேன். புழுதி படாமல் தலையில் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தேன். அக்கா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து களை எடுத்துக்கொண்டே போவாள். திரும்பி வரும்போது நான் முழக்கத்தின் அடுத்த பத்தியில் இருப்பேன். செவ்வாய்க்கிழமைக்குள் நகக்கண்ணில் சேறு நன்றாக ஏறிவிட்டது. குதிகாலில் வெடிப்பு விழவில்லையே என்று வருத்தப்பட்டேன். உள்ளங்கையில் காய்ப்பு வேண்டும் என்று மண்வெட்டிக் காம்பைப் பிடித்துக் கொஞ்சநேரம் திருகியும் பார்த்தேன். கொப்புளம் வந்து எரிந்தது. விட்டுவிட்டேன்.

புதன்கிழமை காலையில் கண்ணாடி பார்த்ததுதான் வினை. மூன்று நாள் துண்டுக்குள் கிடந்த தலை. வியர்வையும் எண்ணெயும் சேர்ந்து முடி மண்டையில் பூசினாற்போல் இருந்தது. ஊர் கூடும் இடத்தில், தாசில்தார் முன்னால், வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு காரியத்துக்காகப் பேசப்போகிறவன் இப்படியா போய் நிற்பது? அக்கா விடியும்போதே வயலுக்குப் போயிருந்தாள். நான் நல்லெண்ணெயைச் சூடாக்கி ஒரு மணி நேரம் ஊறி, சலித்த சீயக்காயைக் கரைத்து, மூன்று தண்ணீர் விட்டு அலசினேன். சேறு ஏறிய கால்களை மட்டும் ஜாக்கிரதையாக நனையாமல் பார்த்துக்கொண்டேன். கீழே குடியானவன், மேலே மாப்பிள்ளை.

மத்தியானம் வந்த அக்கா கொடியில் கிடந்த ஈரத் துண்டையும் என் தலையையும் மாறிமாறிப் பார்த்தாள். "இன்னிக்கா தேச்சுக் குளிச்ச?" என்றாள். "நாளைக்கு விசாரணையாச்சே" என்றேன். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அப்பாவுக்கு இருமல் கண்டுவிட்டது. உள்ளே ஓடிவிட்டாள்.

விசாரணை பள்ளிக்கூடத்துப் பூவரச மரத்தடியில் நடந்தது. மேஜைக்குப் பின்னால் தாசில்தார். ஐம்பது வயதிருக்கும், கட்டையாக வெட்டிய தலை. அவர் பக்கத்தில் சாகுபடிக் கணக்கான அடங்கலை விரித்து வைத்துக்கொண்டு கர்ணம். எதிரே குடையை மடக்கி ஊன்றிக்கொண்டு காரியஸ்தர். அப்பா ஒரு பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தார். எங்கள் முறை வந்ததும் நான் எழுந்து, வணக்கம் சொல்லி, ஆரம்பித்தேன்.

"மண்ணை நம்பி, மழையை நம்பி, மாட்டை நம்பி, மானத்தோடு வாழும் மரபிலே வந்த..."

தாசில்தார் கையைத் தூக்கினார். "தம்பி, இது மீட்டிங் இல்ல. நெலத்துல யாரு வேல பாக்குறது?"

"நான்தாங்க."

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். என் தலை எம்மாத்திரம்? 'நான்தாங்க' என்று நெஞ்சை நிமிர்த்திய அந்த நேரத்தில் வாய்க்கால் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. முடி முழுக்க எழுந்து, ஒருமுறை ஆடி, நிதானமாக மறுபடியும் வந்து அமர்ந்தது. நல்ல வியாழக்கிழமை முடி. வாழ்க்கையில் அவ்வளவு ஒழுங்காக அது அதற்கு முன்னும் நடந்துகொண்டதில்லை, பின்னும் நடந்துகொண்டதில்லை.

காரியஸ்தர் இருமிக்கொண்டார். "ஐயா, காலப் பாத்தா சேறு இருக்கு, நான் இல்லேங்கல. தலையக் கொஞ்சம் பாருங்க. வயல்ல கெடக்குறவன் தலைங்களா இது? தாலி கட்டப் போறவன் தலையில்ல?"

கூட்டம் சிரித்தது. தாசில்தார் சிரிக்கவில்லை. "இங்க வா தம்பி. குனி" என்றார். குனிந்தேன். அவர் என் முடியைப் பிடித்து, இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். என் முடியை அவ்வளவு கவனமாக வேறு யாரும் தொட்டுப் பார்த்ததில்லை. அந்த நிலைமையிலும், நல்ல முடி என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். இதை மறைத்து எழுதினால் இந்தக் கதையை எழுதவே வேண்டாம்.

"சீயக்காய் போட்டிருக்க."

"ஆமாங்க."

"நேத்து எண்ணெ தேச்சுக் குளிச்சியா?"

"ஆமாங்க. புதன்கெழமைங்களே."

"நேத்து வயல்ல என்ன வேல பாத்த?"

இந்தக் கேள்விக்கு நான் தயாராக இருந்தேன். "காலையிலேருந்து வாய்க்கால வெட்டி விட்டு, மடை மாத்தி மாத்தித் தண்ணி பாய்ச்சினேங்க. பொழுது சாயுற வரைக்கும்" என்றேன்.

தாசில்தார் என் தலையை விட்டுவிட்டு உட்கார்ந்தார். "எண்ணெ தேச்சுக் குளிச்ச தலையோட, ஆடி வெயில்ல, வாய்க்காத் தண்ணியில பொழுது சாயுற வரைக்கும் நின்ன?"

எங்கள் பக்கத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்தவன் அன்றைக்கு வெயிலில் இறங்கமாட்டான், ஈரத்தில் நிற்கமாட்டான். ஜுரம் வந்துவிடும் என்று பயம். களையெடுப்புக் காலத்தில் வயல்காட்டில் இருக்கிறவர்கள் எண்ணெய்க் குளியல் பக்கமே போகமாட்டார்கள். இது பூவரச மரத்தடியில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் குளியல், வேலை இரண்டையும் ஒரே நாளில் சேர்த்து யோசிக்க வேண்டிய அவசியம் எனக்கு அதுவரை வந்ததில்லை.

"நானும் குறுவ சம்பா பாத்த வீட்டுலேருந்து வந்தவன்தான்" என்றார் தாசில்தார், கோபம் இல்லாமல். பிறகு கர்ணத்தின் பக்கம் திரும்பி, "குடும்பத்துல யாரும் ஒழைக்கிறதா நிரூபணம் இல்லேன்னு..." என்று சொல்ல ஆரம்பித்தார். அப்பா பெஞ்சிலிருந்து எழுந்தார். பேச வாயைத் திறந்தார், இருமல்தான் வந்தது. எனக்கு எதுகையும் வரவில்லை, மோனையும் வரவில்லை. ஆறு மா நிலம் என் தலையால் போய்க்கொண்டிருந்தது, நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நான்தாங்க பாக்குறேன்."

கூட்டத்துக்குப் பின்னால் அக்கா நின்றிருந்தாள். அப்பாவுக்குக் கஞ்சி கொண்டுவந்தவள். முழங்கால்வரை சேறு காய்ந்திருந்தது. முன்னால் வந்து தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு, பெரிய மனுஷர்கள் முன்னால் அவிழ்ப்பது வழக்கம் என்பதால் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டாள்.

அவள் தலையை நான் தினமும் பார்த்தவன். ஆனால் அன்றைக்குத்தான் அது என் கண்ணில் பட்டது. அவளுக்கும் எனக்கும் ஒரே முடி, அம்மாவுடையது. மெல்லிய முடி வெயிலைத் தாங்காது, சீக்கிரம் வெந்துவிடும். உச்சந்தலையிலிருந்து நுனிவரை செம்பட்டை. நெற்றியோரத்தில் பாதி ஒடிந்து போயிருந்தது. கொண்டையாகச் சுருட்டியிருந்தது தேங்காய் நாரைத் திரித்து வைத்தாற்போல இருந்தது. என் முடியைத் தூக்கி ஆட்டிய அதே காற்று அப்போதும் அடித்துக்கொண்டிருந்தது. அவள் தலையில் ஒன்றும் அசையவில்லை.

"இது யாரு?" என்றார் தாசில்தார்.

"எம் மவங்க" என்றார் அப்பா.

தாசில்தார் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதான் இருக்கீங்களா?" என்று கேட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. செத்துப்போனால் தேவலை என்று இருந்தது எனக்கு. சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை, அப்படித்தான் இருந்தது.

காரியஸ்தர் விடவில்லை. "பொம்பள நாலு களையப் புடுங்கினா அது சாகுபடி ஆயிடுங்களா? ஏரு யாரு ஓட்டுனதுன்னு கேளுங்க."

அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை. தாசில்தாரிடமே சொன்னாள். "ஏரு மட்டும் கூலிக்குங்க. நாத்து விட்டது, பறிச்சது, நட்டது, ஒரம் போட்டது, தண்ணி பாய்ச்சுறது எல்லாம் நாந்தாங்க. மேக்கால உள்ள ரெண்டு மா மேடு. வாய்க்கால்ல தட்டி வச்சு மறிச்சாத்தான் தண்ணி ஏறும். கெழக்குக் கடைசி மாவுல கோரை விடாதுங்க. நேத்தும் இன்னிக்கும் அங்கதான் நின்னேன். கருவ மரத்துக்கு நேரா வந்து நிறுத்திருக்கேன். அந்தாண்ட அர மா பாக்கி."

தாசில்தார் குடை கேட்டு வாங்கிக்கொண்டு எழுந்தார். வரப்பில் எல்லாரும் வரிசையாகப் போனோம். கடைசி மாவில் கருவை மரத்துக்கு இந்தப் பக்கம் நெல் மட்டும் நின்றது; அந்தப் பக்கம் நெல்லும் களையும் கலந்து நின்றன. நடுவில் கயிறு பிடித்தாற்போல ஒரு கோடு. வரப்பில் பிடுங்கிப்போட்ட கோரை இன்னும் வாடவில்லை. தாசில்தார் அங்கேயே நின்று, மகளின் உடலுழைப்பால் சாகுபடி நடக்கிறது, தகப்பனார் பெயரைப் பதிவு செய்யலாம் என்று சொல்லச் சொல்ல, கர்ணம் முழங்காலில் பதிவேட்டை வைத்துக்கொண்டு எழுதினார்.

திரும்பும்போது தாசில்தார் என் தோளில் கை வைத்தார். "அக்கா கல்யாணமாகிப் போனா இந்த எடத்துல யாரு பேர எழுதுறது தம்பி?" என்றார். பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அப்பா வாசலில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரிடமெல்லாம் நிலம் நின்றுவிட்டதைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் உள்ளே போய் எண்ணெய் பாட்டில்களை எடுத்துக்கொண்டு வந்து அக்கா முன்னால் வைத்தேன். "நாளைக்கு வெள்ளிக்கெழமை. நீ தேச்சுக் குளி. இனிமே எனக்கு இந்த எண்ணெ வேணாம்" என்றேன். குரலைத் தாழ்த்தி, நாட்டையே துறந்துவிட்டுப் போகிறவனைப்போலத்தான் சொன்னேன். அப்போதும் மேடைதான்.

அக்கா அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டே சிரித்தாள். "எண்ணெ இல்லாமயாடா இப்படி இருக்கேன்? நீ காலேஜுக்குப் போனப்பறம் பாட்டிலு இங்கதானே இருக்கு. தேச்சுக் குளிச்சா அன்னிக்கு வெயில்ல எறங்கக்கூடாதே. நான் எறங்காம எந்த நாளு இருந்துச்சு, சொல்லு."

நான் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டது எண்ணெயை என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கு நான் போறேன்" என்றேன்.

"களையெடுக்கவா? நெல்லு எது புல்லு எதுன்னு தெரியுமா ஒனக்கு?"

"காமிச்சுக் குடுத்துட்டு வந்து குளி."

மறுநாள் விடிந்ததும் வந்து காட்டிக்கொடுத்தாள். கோரை தானாகத் தெரியும். நெல்லைப் போலவே வளரும் ஒரு புல் இருக்கிறது, அதுதான் ஆளை ஏமாற்றும். "கண்ண நம்பாத, வெரல வச்சுப் பாரு. எல பிரியுற எடத்துல நெல்லுக்குப் பொடிசா முடி இருக்கும். புல்லு வழவழன்னு இருக்கும்" என்றாள். மெல்லிய முடியைத் தொட்டு இனம் காணும் விஷயத்தில் எங்கள் ஊரில் என்னைவிடப் பழக்கம் உள்ளவன் யாரும் இருக்க முடியாது. இருந்தும் முதல் ஒரு மணி நேரத்தில் ஒரு பிடி நெல்லைப் பிடுங்கிவிட்டு, யாரும் பார்க்காமல் திரும்ப நட்டேன்.

பார்த்துவிட்டார்கள். அடுத்த வயலில் களையெடுத்த பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து நின்று பார்த்தார்கள். "மாப்புள்ள மறுநடவு பண்றாருடி" என்று ஒருத்தி கத்தினாள். எங்கள் ஊரில் களையெடுக்கிற ஆம்பிளையை அன்றைக்குத்தான் அவர்கள் பார்க்கிறார்கள். வியர்வை கண்ணில் விழ விழ, சேற்றுக் கையாலேயே முடியை ஒதுக்கினேன். இரண்டாம் நாள், மூன்றாம் நாள் என்ற கணக்கெல்லாம் போய், பத்து மணிக்குள் தலை ஒரே கட்டியாக இறுகிவிட்டது. முதுகு இரண்டாகப் பிளந்தாற்போல வலித்தது. உச்சிப்பொழுதுவரை எடுத்ததை நிமிர்ந்து பார்த்தால், அக்கா முந்தாநாள் எடுத்ததில் கால்வாசிகூட இல்லை.

பசி தாங்காமல் வீட்டுக்கு வந்தேன். கூடத்தில் அக்கா பாயில் படுத்திருந்தாள். ஈர முடியைத் தலைக்கு மேலே தரையில் பரப்பிவிட்டிருந்தாள். ஒரு குளியலில் அது ஒன்றும் மாறிவிடவில்லை. செம்பட்டை செம்பட்டையாகத்தான் இருந்தது. வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, கை இரண்டும் இரண்டு பக்கம் கிடக்க, அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் பகலில் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று பகலில் தூங்கவும் கூடாது. யாராவது கண்ணயர்ந்தால் தட்டி எழுப்பிவிடுவார்கள். அப்பா அவள் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இருமல் வந்தபோதெல்லாம் துண்டை வாயில் வைத்து அடக்கிக்கொண்டிருந்தார்.

"எழுப்பலையாப்பா?" என்றேன் மெதுவாக.

"ரெண்டு தடவ கையக் கொண்டுபோனேன்" என்றார். "மனசு வரலடா."

நானே சோற்றைப் போட்டுத் தின்றுவிட்டு, தட்டைச் சத்தமில்லாமல் கழுவி வைத்தேன். கருவை மரத்துக்கு அந்தப் பக்கம் களை இன்னும் நிறைய இருந்தது. துண்டை எடுத்துக்கொண்டு மறுபடியும் வயலுக்குப் போனேன்.